கடைவாய் அண்ணாச்சி போன பிறகு

தென்காசியில் ஒரு வாய் இருந்தது. அந்த வாயில் முப்பது பற்களும் ஒரு நாக்கும் குடியிருந்தன.

முப்பத்திரண்டு பல் இருக்கவேண்டிய இடம்தான். அறிவுப்பல் இரண்டு மட்டும் முளைக்கவே இல்லை. வாய்க்குச் சொந்தக்காரரான ஆவுடையப்பனுக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது. இனிமேல் அவை வரும் என்று மற்ற பற்களும் எதிர்பார்க்கவில்லை.

பற்கள் பிறந்த இடத்தை விட்டு நகராதவை. நாக்கு அப்படியில்லை. காலையில் கண் விழித்ததும் மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஒரு வீடு விடாமல் போய் எட்டிப் பார்த்துவிடும். யார் வீட்டு இடுக்கில் கீரை மாட்டியிருக்கிறது, யாருக்கு ஈறு வீங்கியிருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நாக்கு என்றால் பிறகு எப்படி இருக்கும்?

நாக்குக்கு எல்லோரையும் பிடிக்கும். ஆனாலும் கீழ் வரிசையில் வலது பக்கம் இருந்த ஒரு கடைவாய்ப்பல் என்றால் உயிர். ஆவுடையப்பன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது முளைத்த பல் அது. பால் பற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்து, கூரைமேல் எறியப்பட்டு, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வந்து சேர்ந்தபோதெல்லாம் அது அசையாமல் இருந்து எல்லோரையும் வரவேற்றது. அதனால் வாயில் எல்லோருக்கும் அது அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இன்னைக்கு வாழைத்தண்டு பொரியல். ஒரே நார். உமக்குத்தான் வேலை" என்று நாக்கு தகவல் கொண்டுவரும்.

"தள்ளி விடுடே. பாத்துக்கிடுதேன்" என்று சொல்லும் அண்ணாச்சி. அது தள்ளிவிடும். இது அரைக்கும். நாற்பது வருஷம் அப்படித்தான் ஓடியது.

ஆவுடையப்பனுக்குத் தொழில் எலக்ட்ரீஷியன். இடுப்புப் பையில் கட்டிங் பிளேயர், டெஸ்டர், திருப்புளி எல்லாம் இருக்கும். ஆனால் வயரின் மேல்தோலை உரிக்க மட்டும் அவர் பிளேயரை எடுக்கமாட்டார். வயரை வாயில் வைப்பார். அண்ணாச்சியால் ஒரு கடி, வெளியே ஒரு இழுப்பு. தோல் உரிந்து செம்பு மின்னும். "ஏணி மேல நிக்கிறவனுக்கு மூணாவது கைக்கு எங்க போக?" என்று கேட்பார். பல்தான் அவருக்கு மூன்றாவது கை.

"நான் ஒருத்தன் இங்க இடுப்புலயே கெடக்கேன். எனக்குன்னு ஒரு வேலை வச்சிருக்கு, அதைப் போய்ப் பல்லு கிட்ட குடுக்காரே" என்று பிளேயர் பையிலிருந்து முணுமுணுக்கும். அது சொல்வது வாய்க்குள் கேட்காது.

போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கனமான வயர் ஒன்றைக் கடித்தபோது அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் விரிசல் விட்டது. அது யாரிடமும் சொல்லவில்லை. நாக்குதான் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தது.

"என்ன அண்ணாச்சி, நடுவுல ஒரு கோடு?"

"ஒண்ணுமில்லடே. வயசாகுதுல்லா."

ஆவுடையப்பன் வலித்தபோதெல்லாம் ஒரு கிராம்பை வைத்து அழுத்திவிட்டு வேலைக்குப் போனார். ஆறு மாதம் கிராம்பு ஓட்டியது. ஒருநாள் காலையில் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டது. அவருடைய மனைவி செண்பகவல்லி அதற்குமேல் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஜெபசெல்வி விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். "வேர் வரைக்கும் விரிசல் விட்டிருக்கு. இதை வச்சிருக்க முடியாதுங்க. எடுத்துரலாம்" என்றார்.

நாக்கு உடனே அண்ணாச்சியிடம் ஓடப் பார்த்தது. அதற்குள் ஊசி வந்தது. கீழ்த்தாடை மரத்தது, வலது கன்னம் மரத்தது, நாக்கும் பாதிவழியிலேயே மரத்துப்போய்ப் படுத்துவிட்டது.

அது விழித்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆவுடையப்பன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி இருந்த பக்கம் ரத்த வாடை அடித்தது. நாக்கு தள்ளாடிக்கொண்டு போய்ப் பார்த்தது. இடம் காலி.

நாக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். போகும்போது ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற நாக்கு, பேசவேண்டிய நேரத்தில் மரத்துப்போய்க் கிடந்திருக்கிறது. அந்த நினைப்பே அதைக் கொன்றது.

"என்ன சொன்னாரு? கடைசியா என்ன சொன்னாரு?" என்று பக்கத்துப் பல்லைக் கேட்டது.

"'அவன் தூங்கட்டும், எழுப்பாதீய'ன்னாரு" என்றது பக்கத்துப் பல். "பெறகு ஒரு வட்டமான பாத்திரத்துல டங்குன்னு சத்தம் கேட்டுது. அவ்வளவுதான்."

நாக்கு குனிந்து அந்தக் குழியைத் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது.

"யாரது? மெதுவா! மெதுவா!" என்று குழிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

நாக்கு திடுக்கிட்டுப் பின்வாங்கியது. குழிக்குள் கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நீ யாரு? அண்ணாச்சி இடத்துல உனக்கு என்ன வேலை?"

"நான் ரத்தக்கட்டி. மத்தியானம்தான் பொறந்தேன். ஒரு மணி நேரம் பஞ்சு அண்ணன் என் மேல உக்காந்து அழுத்திப் பிடிச்சாரு. அதுலதான் நான் கட்டியாகி இங்க ஒட்டுனேன். அவரு போய்ட்டாரு. இனிமே நான்தான் காவல்."

"எதுக்குக் காவல்? அவரே போய்ட்டாரு!"

"அவரு போன இடத்துக்கு" என்றது ரத்தக்கட்டி. "எனக்குக் கீழ எலும்பு திறந்து கெடக்கு. நரம்பு திறந்து கெடக்கு. நான் எழுந்திரிச்சா அதுல காத்துப் படும், சோறு போய் விழும். ஊசி போட்டாலும் அடங்காத வலி வரும். நான் இங்கன பத்து நாள் அசையாம இருந்தாப் போதும். எனக்குக் கீழ புதுச் சதை வந்துரும். அதுவரைக்கும் யாரும் என்னைத் தொடக்கூடாது. டாக்டரம்மா சொன்னாங்களே, நீங்க கேக்கலியா?"

"நான் மரத்துக் கெடந்தேன்."

"அப்ப இப்பக் கேட்டுக்கிடுங்க. தயவுசெஞ்சு தொடாதீய."

நாக்கு தள்ளிப் போனது. தள்ளிப் போய் மேலண்ணத்தில் படுத்தது. கொஞ்ச நேரம்தான். பழகின கால் பாதையை விடுமா? தன்னை அறியாமல் திரும்ப வந்து குழியோரம் ஒரு தடவு தடவியது.

"ஐயோ!" என்றது ரத்தக்கட்டி. "ஓரம் கழலுது!"

"தொடலடே. சும்மா, அவரு வேர் எங்கயாச்சும் மிச்சம் இருக்கான்னு பாத்தேன்."

"இல்லை. எதுவும் மிச்சம் இல்லை."

இப்படிச் சொன்னதும் நாக்குக்குக் கோபம் வந்தது. இவன் நேற்றுக்கூட இல்லை, இன்று மத்தியானம் பிறந்தவன். நாற்பது வருஷம் பழகின நமக்கு நியாயம் சொல்கிறான். அது முன்பற்களிடம் போய்ப் புலம்பியது. முன்பற்கள் எல்லாவற்றுக்கும் இளித்துக்கொண்டு தலையாட்டுபவை. "பாவம், உமக்கு ஆசை இருக்காதா? ஒரு தடவை பாத்தா என்ன கொறைஞ்சு போகும்?" என்றன. ஆறுதல் சொல்லுகிறோம் என்று இப்படித்தான் கெடுப்பார்கள். நாக்கு மறுபடியும் போனது. மறுபடியும் தொட்டது. சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரத்தக்கட்டி இன்னும் கொஞ்சம் இளகியது. எச்சிலில் லேசாக ரத்தம் கலந்தது.

டாக்டர் சொன்னதை ஆவுடையப்பனும் சரியாகக் கேட்கவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்று தலையாட்டியிருந்தார். செண்பகவல்லி அப்போது மருந்துக் கடையில் நின்றாள். டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தார். ஆவுடையப்பன் அதை வாங்கி, சட்டைப் பையில் சிதறிக் கிடந்த நாலு ஸ்க்ரூவை அதிலேயே பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார். தொழில் புத்தி.

ஐந்து மணிக்கு செண்பகவல்லியின் தம்பி குற்றாலலிங்கம் வந்தான். முடியாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டு கையிலும் இளநீர் குலை.

"அத்தான், பல்லுப் புடுங்குனா சூடு. ரத்தம் வேற போயிருக்கும். செவ்விளநி, நம்ம தோப்புல வெட்டுனது. குடிங்க" என்றான்.

"வாயத் தெறக்க முடியலடே மாப்ள."

"தெறக்கவே வேண்டாம். அதுக்குத்தானே இது!" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்தான். மச்சினனுக்கு அத்தான் மேல் அவ்வளவு பிரியம். ஸ்ட்ராவைக்கூட மறக்காமல் கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தான். இளநீரைச் சீவித் துளையிட்டு, ஸ்ட்ராவைப் போட்டு, அவர் உதட்டருகே நீட்டினான்.

உதட்டுக்குள் வெள்ளையாக, ஒல்லியாக ஸ்ட்ரா நுழைந்தது. நல்ல வளர்ப்பு. எல்லோருக்கும் வணக்கம் சொன்னது.

"துக்கம் நடந்த வீடுன்னு கேள்விப்பட்டேன். மச்சினரு பிரியமா அனுப்பி வச்சாரு. குளுகுளுன்னு இளநி கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் உறிஞ்சுங்க, நான் தந்துக்கிட்டே இருக்கேன்."

"நல்ல காரியம்" என்றது நாக்கு. காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடந்தது.

ஆவுடையப்பன் உறிஞ்சினார். கன்னங்கள் உள்ளே ஒட்டின. நாக்கு வழக்கம்போலப் பின்னால் நகர்ந்து இழுத்தது. குளிர்ந்த இளநீர் ஒரு வாய் வந்தது. அந்த நேரத்தில் குழியிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"இழுக்குது! என்னைத் தூக்குது! பிடிங்க!"

நாக்கு திரும்பிப் பார்த்தது. ரத்தக்கட்டி ஒரு பக்கம் முழுவதும் கழன்று, மறுபக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதற்கு அடியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. அண்ணாச்சி நின்றிருந்த எலும்பு. காற்று அதன்மேல் லேசாகப் பட்டதற்கே ஆவுடையப்பனுக்குக் காதுவரை சுள்ளென்றது.

"ஏ ஸ்ட்ரா! இழுக்காத! நிறுத்து!" என்று கத்தியது நாக்கு.

ஸ்ட்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்க இழுக்கேன்? நான் வெறும் குழாய். என்னால ஒரு சொட்டை இழுக்க முடியுமா? இழுக்கது நீங்கதான்."

உண்மைதான். உறிஞ்சுவது ஸ்ட்ரா இல்லை. பின்னால் நகர்ந்து, வாய்க்குள் இழுப்பு உண்டாக்குவது நாக்குதான். மத்தியானத்திலிருந்து ஓரத்தைத் தடவித் தடவி இளக்கியதும் அதுதான். அண்ணாச்சி மேல் வைத்த பிரியமே அண்ணாச்சி விட்டுப்போன இடத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.

"என்னத்தான், இனிக்கா?" என்று வெளியே குற்றாலலிங்கம் கேட்டான்.

"ம்" என்று ஆவுடையப்பன் இரண்டாவது தடவை உறிஞ்சப் போனார். கன்னங்கள் தயாராயின. நாக்குக்கு உத்தரவு வந்தது: பின்னால் போ, இழு.

நாற்பத்தாறு வருஷத்தில் நாக்கு எந்த உத்தரவையும் தட்டியதில்லை. சொல்லக்கூடாததைக்கூடச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடும். அதனால் ஆவுடையப்பனுக்கு வந்த வம்பும் கொஞ்சமில்லை. அன்றைக்கு முதல்தடவையாக அது அசைய மறுத்தது. மறுத்ததோடு நிற்காமல் முன்னால் பாய்ந்து, ஸ்ட்ராவின் வயிற்றில் முட்டி, உதட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. வாயிலிருந்த இளநீர் முழுக்க ஆவுடையப்பன் சட்டையில் கொட்டியது.

"யத்தான்! என்ன செய்யுதீய?"

"நான் எங்கடே செஞ்சேன்? நாக்குல்லா தள்ளுது!" என்றார் ஆவுடையப்பன். சொன்னது அவருக்கே விசித்திரமாக இருந்தது.

உதட்டு வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்ட்ராவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் கெட்டவன் இல்லீங்க. பிரியமாத்தான் வந்தேன்."

"தெரியும்யா" என்றது நாக்கு. "நானும் கெட்டவன் இல்ல. அதுதான் பயமா இருக்கு."

சத்தம் கேட்டு செண்பகவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். ஸ்ட்ராவைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா ஒரு தாள் தந்தாங்கன்னு சொன்னீயளே, எங்க?"

ஆவுடையப்பன் பையைத் தொட்டார். அவளே கையை விட்டு எடுத்தாள். நாலு ஸ்க்ரூ தரையில் உருண்டது. தாளை நீவிப் படித்தாள்.

"இருவத்திநாலு மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. துப்பக் கூடாது, எச்சிலை முழுங்கிரணும். சூடா, காரமா எதுவும் ஆகாது. பீடி, சிகரெட்டு ஆகாது. ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சவே கூடாது." அவள் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தாள். "நல்ல ஆளுடே நீ. அத்தானைக் காப்பாத்த வந்தியா, கொல்ல வந்தியா?"

"எனக்கு என்னக்கா தெரியும்? எளநின்னா எளநிதானே!"

"எளநியில ஒண்ணும் இல்லை. டம்ளர்ல ஊத்திக் குடு. மடக்கு மடக்கா, இடது பக்கமாக் குடிக்கட்டும்." பிறகு கடைசி வரியையும் படித்தாள். "'புண் உள்ள இடத்தை நாக்கால் துழாவக் கூடாது.' கேட்டுதா?"

உள்ளே நாக்குக்குக் கேட்டது.

டம்ளரில் வந்த இளநீர் யாரையும் இழுக்காமல் இடது பக்கமாக இறங்கிப் போனது. நாக்கு மெதுவாக, மிகவும் தள்ளி நின்று, குழியைப் பார்த்துக் கேட்டது.

"குட்டி, இருக்கியா?"

பதில் வருவதற்குள் நாக்குக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இருக்கேன்" என்றது ரத்தக்கட்டி. "பாதிதான் ஒட்டியிருக்கேன். அசையாம இருந்தா மீதியும் ஒட்டிரும்."

"என்னை மன்னிச்சிரு. எனக்கு அவரைத் தேடுது. அவரு இருந்த இடத்தைத் தொடாம என்னால இருக்க முடியல. அதான்."

"தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றது ரத்தக்கட்டி. "அவரைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லலியே. நான் அவரைப் பாத்ததே இல்லை. எப்படி இருப்பாரு?"

நாக்கு வாயின் இடது ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தது. அங்கிருந்தே சொல்லத் தொடங்கியது. அண்ணாச்சி முளைத்த அன்று ஈறு எப்படிக் கிழிந்தது. பொரிவிளாங்காய் உருண்டை ஒன்று பல்வரிசை முழுவதையும் தோற்கடித்துவிட்டு அண்ணாச்சியிடம் மட்டும் எப்படித் தோற்றது. ஆவுடையப்பன் கல்யாணத்தன்று தாம்பூலம் போட்டு எல்லோரும் சிவந்தபோது அண்ணாச்சி எப்படிக் கூச்சப்பட்டது. சொல்லச் சொல்ல ரத்தக்கட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. கதை கேட்கிறவர்கள் அசையமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

மறுநாள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வந்தது. வாசலிலேயே நின்று, "இன்னைக்கு வரலாம்னு தாளில் போட்டிருக்கு. நான் சும்மா வந்து சுத்திட்டு, தானா வழிஞ்சு போயிருவேன். என்னை யாரும் குலுக்கவும் வேண்டாம், வேகமாத் துப்பவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நுழைந்தது. ஆவுடையப்பன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு வாயை மெல்லத் திறந்தார். சொன்னபடியே அது போய்விட்டது. மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி வந்துபோனது. பிரஷ்ஷும் வந்தது. குழிப் பக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவரைப் போல அடி வைத்து, மற்ற பற்களை மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டுத் திரும்பியது.

சாப்பாடு குழைந்த தயிர் சோறு. எல்லாம் இடது பக்கம்தான். மூன்றாம் நாள் குற்றாலலிங்கம் மறுபடி வந்தான். இந்தத் தடவை கையில் டம்ளரும் கொண்டுவந்திருந்தான்.

நாக்குக்கு அந்த நாட்கள் லேசில் போகவில்லை. கண்ணை மூடினால் தன்னால் வலது பக்கம் திரும்பும். பாதி தூரம் போனபிறகு நினைவு வந்து நிற்கும். அதற்கும் குழிக்கும் நடுவில் இருந்தது ஒரு விரற்கடை தூரம். அந்த ஒரு விரற்கடையைத் தாண்டாமல் இருப்பதுதான் பத்து நாளும் அதற்கு வேலை. வாயில் இருந்த மற்றவர்கள் அதைப் பெரிய வேலையாக நினைக்கவில்லை. "சும்மா படுத்துக் கெடக்கு" என்றன முன்பற்கள்.

நாள் ஆக ஆக ரத்தக்கட்டியின் கருஞ்சிவப்பு வெளுத்தது. குரலும் மெலிந்தது.

"குட்டி, நீயும் போறியா?" என்று எட்டாம் நாள் நாக்கு கேட்டது.

"போகல. மாறிக்கிட்டிருக்கேன். நீங்க சொன்ன கதையில பொரிவிளாங்காய் கதைதான் நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க."

நாக்கு சொன்னது.

பதினோராம் நாள் காலையில் குழியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. பழைய குரலும் இல்லை, புதுக் குரலும் இல்லை.

"இப்ப வாங்க. மெதுவா."

நாக்கு போனது. முதல்தடவை போகிற வீடு மாதிரி தயங்கித் தயங்கி, நுனியால் மட்டும் தொட்டது. அண்ணாச்சியின் கடினம் அங்கே இல்லை. குட்டியின் கொழகொழப்பும் இல்லை. இளஞ்சிவப்பாக, மிருதுவாகப் புதுச் சதை இருந்தது. நாற்பது வருஷமாகக் கெட்டியானவர்களுக்கு நடுவில் தான் ஒருவன்தான் மெத்தென்று இருப்பதாக நாக்கு நினைத்திருந்தது. இப்போது தொட்ட இடமும் தன்னைப்போலவே மெத்தென்று இருந்தது.

நாக்கு அழுதது. வாய் முழுக்க எச்சில் ஊறியது. ஆவுடையப்பன் பசி என்று நினைத்துக்கொண்டு, "செம்பகம், இட்லியாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் அவர் வேலைக்குப் போனார். ஒரு வீட்டில் மின்விசிறி மாட்டவேண்டும். ஏணியில் ஏறினார். இடது கையால் மின்விசிறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் வயர். நுனியை உரிக்க வேண்டும்.

பழக்கதோஷம், வயரை வாய்க்குக் கொண்டு போனார். வலது பக்கம் ஆள் இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அதனால் என்ன? இடது பக்கம் இருக்கிறதே. வயரை இடது கடைவாயில் வைத்தார்.

இடது கடைவாய்ப்பல்லும் அண்ணாச்சியும் ஒரே வருஷத்தில் முளைத்தவர்கள். அது கண்ணை மூடிக்கொண்டது. மற்ற பற்கள் மூச்சுக்கூட விடவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று இருபத்தொன்பது பேருக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் நகர முடிந்தவர் ஒருவரும் இல்லை.

நகர முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அது யோசிக்கவில்லை. பாய்ந்து வந்து வயருக்கும் பல்லுக்கும் நடுவில் தன்னைக் கொடுத்தது.

நறுக்.

"யம்மா!" என்று கத்தினார் ஆவுடையப்பன். வயர் கீழே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஏணியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கீழே இறங்கினார். வயரை எடுத்துப் பார்த்தார். பிறகு இடுப்புப் பைக்குள் கையை விட்டு, துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த கட்டிங் பிளேயரை வெளியே எடுத்தார்.

ஒரு கடி, ஒரு இழுப்பு. செம்பு மின்னியது.

"இதுக்குத்தானய்யா இத்தனை வருசமா உம்ம இடுப்புலயே கெடந்தேன்" என்றது பிளேயர்.

வாய்க்குள் ஒரே அமளி. "நான்தான் கடிச்சுட்டேனே, நான்தான் கடிச்சுட்டேனே" என்று இடது கடைவாய்ப்பல் புலம்பியது. "அடி பலமா? எங்க, காட்டு, நான் தொட்டுப் பாக்கேன்" என்று கோரைப்பல் கேட்டது. முன்பற்கள் எட்டி எட்டிப் பார்த்தன. எல்லோருக்கும் நாக்கின் மேல் அவ்வளவு பாசம்.

நாக்கு வலியோடு நடுவில் படுத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தது.

"சின்னப் புண்ணுதான். எல்லாரும் பக்கத்துலயே இருங்க" என்றது. "யாரும் தொடாதீய. ஆறிரும்."